‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

கேள்வி: துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ‘ரன் த செக்லிஸ்ட் பை த கஸ்டமர்’ என்று மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஓடிப்போய்க் கொடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து, பிரின்ட் எடுத்து, ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன். ஆபீசே சிரித்தது. ‘ரன்’னுக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கிறது? - வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அந்த மெசேஜ். ‘ரன் பை’ என்றால் ஒருவரிடம் காட்டி, ‘இது சரியா?’ என்று கருத்துக் கேட்பது. பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்காகக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் படிவம்) போடுமுன் செக்லிஸ்ட்டை மெயிலில் அனுப்பி ஓகே வாங்குங்கள் என்றிருக்கிறார், அவ்வளவுதான்.

எத்தனை அர்த்தம் என்று எண்ண ஆரம்பித்தால் பயம்தான் வரும். ஆக்ஸ்போர்டு பேரகராதிக்காரர்கள் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு 600-க்கும் மேல் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதற்கெல்லாம் உட்கார வேண்டாம். நம் ‘ஓடு’ தெரிந்தவருக்கு ஒரு பெரிய பங்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது, விம்கோ நகரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ ஓடுகிறது, மெஷின் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது. எல்லாவற்றுக்கும் தைரியமாக ‘ரன்’ போடலாம். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய ரயிலுக்கும் ‘ரேன்’தான்.

சறுக்குவது ‘ஓட்டு’ என்ற இடத்தில். எண்ணூர் சாலையில் டிரெய்லர் ஓட்டுபவர் ‘டிரைவ்ஸ்’. ‘ஹி ரன்ஸ் ஃபைவ் டிரெய்லர்ஸ்’ என்றால் ஐந்து வண்டி வைத்துத் தொழில் நடத்துகிறார். ஸ்டியரிங்கையே தொடாதவராகவும் இருக்கலாம். ‘ரேன் ஓவர்’ என்று எழுதிவிட்டால் யார் மீதோ வண்டியை ஏற்றிவிட்டார் என்று ஆகிவிடும். அதேபோல ‘டென்ஷன்ல ஒண்ணும் ஓடல’ என்பதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், யாருக்கும் புரியாது.

ஆபீசில் கூடுதல் கவனம் வேண்டியது வாலில் வரும் குட்டிச் சொல்லுக்கு. ‘ரன்னிங் லோ ஆன் சீல்ஸ்’ என்றால் கன்டெய்னர் சீல் தீரப்போகிறது, இன்றே ஆர்டர் போடலாம். ‘ரன் அவுட் ஆஃப் சீல்ஸ்’ என்றால் ஒன்றுகூட இல்லை, வேலை நிற்கப்போகிறது. கிரிக்கெட் ரன் அவுட்டை இதில் சேர்க்காதீர்கள். ‘ரன் இன்டு’ இன்னும் வேடிக்கை: ஆபீசரை ‘ரன் இன்டு’ செய்தால் எதேச்சையாகப் பார்த்தது; லாரி கேட்டை ‘ரன் இன்டு’ செய்தால் மோதியது. சிக்கலில் மாட்டுவதற்கும் இதே சொல்தான். ‘ரன் த்ரூ’ என்பது ஒருமுறை சட்டென்று முழுசாகப் பார்ப்பது. கப்பல் ‘ரன்னிங் லேட்’ என்றால் தாமதமாகிறது. யாரும் எங்கேயும் ஓடவில்லை.

வீட்டுப் பேச்சிலும் இது நிறைய உண்டு: மூக்கு ஒழுகுவது, சேலையில் சாயம் போவது, காய்ச்சல் அடிப்பது எல்லாம் ‘ரன்’தான். தேர்தலில் மட்டும் அமெரிக்கர்கள் ‘ரன்’ செய்கிறார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ‘ஸ்டாண்ட்’ பண்ணுகிறார்கள். நம் கட்சிக்காரர்களும் நிற்கத்தானே செய்கிறார்கள்!

தனிச் சொல்லாக நோட்டில் எழுதி மனப்பாடம் பண்ணாதீர்கள். மேனேஜர் அனுப்பும் வாக்கியத்தை முழுசாக எழுதிக்கொண்டு, பக்கத்தில் அன்றைக்கு நடந்த வேலையைக் குறியுங்கள். அது மறக்காது.

அப்புறம், மெயில்களில் அடிக்கடி பார்க்கும் ஒரு பிழை. நேற்று நடந்தது ‘ரேன்’. ஆனால் முன்னால் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ வந்துவிட்டால் மறுபடி ‘ரன்’தான். ‘வீ ஹேவ் ரேன் அவுட்’ தப்பு, ‘வீ ஹேவ் ரன் அவுட்’ சரி. ‘ரேன்’ என்பதும் ஒழுங்கான சொல் என்பதால் ஸ்பெல் செக் சிவப்புக் கோடு போடாது. அனுப்புமுன் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.