“எங்க டாக்டரைக் கூப்பிடு” என்கிறார் அம்மா

கேள்வி: என் தாயாருக்கு 78 வயது. குடியாத்தத்தில் தனியாக இருந்தவரைச் சில மாதங்களுக்கு முன் காட்பாடி அருகே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. இல்லத்துக்கு வரும் மருத்துவரிடம் பேச மறுத்து, “எங்க டாக்டரைக் கூப்பிடு” என்றே சொல்கிறார். தலையணைக்கு அடியில் மாத்திரைகள் கிடந்தன. இது மறதி நோயா?

– வாசகர், வேலூர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து மறதி நோய் என்று சொல்ல முடியாது. முதலில் மாத்திரை விஷயத்தைக் கவனியுங்கள். அவர் மாத்திரை போடாததை அறியாத மருத்துவர், அழுத்தம் கூடியிருப்பதைப் பார்த்து அளவை உயர்த்தியிருக்கக்கூடும். இப்போது ஊழியர்கள் எதிரில் நின்று எல்லாவற்றையும் விழுங்க வைத்தால் அழுத்தமோ சர்க்கரையோ திடீரென இறங்கி, அம்மா மயங்கி விழ நேரிடும். ஆகவே இன்றே அந்த மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி, படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள்ளும் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் மருந்தை அவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

மாத்திரையை ஏன் ஒதுக்கினார் என்று அம்மாவிடமே கேளுங்கள். அதே மருந்து வேறு கம்பெனியிலிருந்து வரும்போது நிறமும் வடிவமும் மாறிவிடுவதால், வேறு யாருடைய மாத்திரையையோ தருகிறார்கள் என்று பயந்து ஒதுக்குபவர்கள் உண்டு. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்து மருந்தின் பெயரைக் காட்டினால் அந்தப் பயம் பெரும்பாலும் தீரும்.

இல்லங்களில் இருக்கும் பெரியவர்கள் என்னிடம் சொல்லும் குறை சிகிச்சையைப் பற்றியதாக இருப்பது அரிது. “என்னைக் கேக்காம நர்ஸைக் கேட்டுட்டுப் போறார்” என்பதுதான் அதிகம். கட்டில் ஓரத்தில் நின்று குறிப்பேட்டைப் பார்த்தபடி கேட்கப்படும் கேள்வி, காது மந்தமானவருக்கு எட்டுவதே இல்லை. பழைய டாக்டருக்கோ எந்த மருந்து அவருக்கு வயிற்றைப் புரட்டும், கணவர் இறந்தபின் எத்தனை நாள் தூங்கவில்லை என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். இன்னொரு தயக்கமும் உண்டு: இல்லத்து மருத்துவரிடம் சொன்னால் அது நிர்வாகத்துக்கும் பிள்ளைக்கும் போய்விடும், தொந்தரவு கொடுக்கிறவள் என்று பெயராகிவிடும் என்று வலியைக்கூட மறைப்பார்கள். இதை நான் மிகவும் கவலைக்குரியதாகக் கருதுகிறேன்.

ஆகவே குடியாத்தத்து மருத்துவரை விட்டுவிடாதீர்கள். எந்த மருந்தைத் தொடங்கினார், எதை ஏன் நிறுத்தினார், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கிப் புதியவரிடம் கொடுங்கள். 2020-இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி அவர் வீடியோ அழைப்பில் அம்மாவுடன் பேசி ஆலோசனை சொல்லலாம். ஆனால் மருந்துச் சீட்டு எழுதுபவர் ஒருவராகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரே மருந்து இரண்டு பெயர்களில் உள்ளே போகும். இல்லத்து மருத்துவர் அடுத்த முறை வரும்போது அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, முகம் தெரியும்படி, சிறிது நேரம் தனியாகப் பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரம் நீங்களும் வெளியே இருங்கள்.

இவற்றுக்குப் பிறகும் நாள், இடம், சாப்பிட்டது, சாப்பிடாதது ஆகியவற்றில் குழப்பம் தொடர்ந்தால், சி.எம்.சி. போன்ற மருத்துவமனையின் முதியோர் மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். மன அழுத்தம், தைராய்டு, பி12, ரத்தத்தில் சோடியம் ஆகியவற்றையும் சோதித்த பிறகே மறதி நோயா என்று முடிவு செய்வார்கள்.