குடியேறியவர்கள் புதிய சமூகத்தோடு ஒன்றிப்போக எத்தனை தலைமுறை ஆகும்? மொழி ஒன்றாக இருந்தால் எளிதா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ கிளம்பத் தயாராகிறீர்கள் என்று நினைக்கிறேன். மொழி தெரியாத ஊரில் பிள்ளைகள் என்ன ஆவார்களோ என்ற கவலை உங்களுக்கு. அந்த நாடுகளைப் பற்றிச் சொல்ல இங்கே பலர் இருக்கிறார்கள். மொழியும் குலசாமியும் ஒன்றாக இருந்த சொந்த ஊருக்கே திரும்பி வந்து, அங்கே ஒட்ட முடியாமல் போன குடும்பம் எங்களுடையது. உங்கள் கேள்வியின் இரண்டாவது வரி என்னைச் சுட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

1974இல் இலங்கையின் மலைநாட்டிலிருந்து நாங்கள் வந்தோம். எனக்கு 9 வயது. தாத்தாவின் தந்தை முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் போனவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் மூன்று தலைமுறை கொழுந்து பறித்த பிறகும் எங்களுக்கு அங்கே குடியுரிமை இல்லை. 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை அடுத்த ஒப்பந்தத்தில், நாங்கள் வந்த அதே ஆண்டில், பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை என்று சொன்னால், ‘விண்ணப்பம் போட்டுத்தானே வந்தீர்கள்’ என்பார்கள். போட்டோம், உண்மைதான். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. மாவுக்கும் அரிசிக்கும் அலைந்த நாள்களில் போட்ட விண்ணப்பம் அது.

நாங்கள் ஏறிய ரயிலுக்கு எங்கள் தோட்டத்தில் அழுகைக் கோச்சி என்று பெயர். ஸ்டேஷனில் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் ஏறுவான், தம்பி கீழே நிற்பான். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். எல்லாம் கனவு போலத்தான் நினைவிருக்கிறது. நன்றாக நினைவிருப்பது தாத்தாவின் முகம். வழியெல்லாம் அவர் கிராமத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தன் வாழ்நாளில் ஒரு முறைகூட அவர் அதைப் பார்த்ததில்லை. ஏரிக்கரை, கருப்பண்ணசாமி, புளியமரம் எல்லாம் அவருடைய அப்பா சொல்லிக் கேட்டவை.

கிராமத்தில் ஏரி இருந்தது, சாமியும் இருந்தது. எங்களுக்கு இடம்தான் இல்லை. பங்காளி முறையில் எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். முதல் இரண்டு நாள் சோறு போட்டார்கள். மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து, ‘எப்போது புறப்படுகிறீர்கள்?’ என்று கேட்டார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு ஏக்கர் வானம் பார்த்த பூமியை வைத்துக்கொண்டு ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். நாங்கள் பங்கு கேட்டுவிடுவோமோ என்ற பயம் அவருக்கு.

பள்ளிக்கூடத்தில் நான் ரொட்டியைப் பாண் என்றேன், ஷூவைச் சப்பாத்து என்றேன். வகுப்பே சிரித்தது. அம்மா கடையில் ‘ஒரு றாத்தல் சீனி’ கேட்டால் கடைக்காரர் வேண்டுமென்றே இன்னொரு முறை சொல்லச் சொல்வார். மொழி ஒன்றாக இருப்பதில் உள்ள கஷ்டம் இதுதான். அயல்மொழிக்காரன் தப்பாகப் பேசினால் ஊர் பொறுத்துக்கொள்ளும். தன் மொழியையே வேறு மாதிரிப் பேசுகிறவனை ‘சிலோன்காரன்’ என்று தனியாக எடுத்து வைத்துவிடும்.

சித்திரையில் திருவிழா வந்தது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்கு வாங்கும் தலைக்கட்டு வரிக்காக நோட்டுப் புத்தகத்தோடு நான்கு பேர் தெருவில் வந்தார்கள். அப்பா குளித்து, வேட்டியை மாற்றிக்கொண்டு, வாசலில் ரூபாயைக் கையில் மடித்து வைத்தபடி நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். அவர்கள் எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அப்பா கூப்பிட்டார். நோட்டு வைத்திருந்தவர் திரும்பிப் பார்த்து, ‘நீங்கள் வந்து போகிறவர்கள், உங்களிடம் வாங்கினால் நாளைக்குக் கணக்குச் சொல்ல முடியாது’ என்றார். வரி கொடுக்காத வீட்டுக்குச் சாமி முன்னால் பேச்சில்லை என்பது கிராமத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். தாத்தா அன்றிலிருந்து கருப்பண்ணசாமி பெயரை எடுக்கவே இல்லை. அந்த ஐப்பசியில் இறந்துபோனார்.

‘அரசாங்கம் உங்களுக்குக் கடன் கொடுத்தது, வேலை கொடுத்தது’ என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கொடுத்தது. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கினார்கள். இன்று டான்டீ என்று சொல்கிறோமே, அதுதான். அதில் இடம் கிடைத்தவர்கள் குடியிருப்போடு பிழைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்குக் கிடைத்தது தொழில் கடன். கொழுந்துக்கூடையையும், தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்துக் கத்தியையும் தவிர வேறெதையும் அறியாத மனிதர் பெட்டிக்கடை வைத்தார். ஆறே மாதத்தில் கடன் சொல்லி வாங்கியவர்களிடம் கடை போய்விட்டது.

1975 கடைசியில் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிக் கோத்தகிரிக்குப் போனோம். குளிர் முகத்தில் பட்டதும் அம்மா அழுதுவிட்டார். ஹட்டன் குளிர் மாதிரியே இருந்தது.

அங்கே சுற்றியிருந்தவர்கள் நீலகிரி மலையில் வாழும் படுகர் சமூகத்தார். அவர்கள் பேச்சு எங்களுக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. சாமி வேறு, உடை வேறு, சாப்பாடு வேறு. எங்களை விரும்பி வரவேற்றார்கள் என்று சொன்னால் அது பொய். கூலி குறைவாகத்தான் கொடுத்தார்கள். ‘சிலோன்காரன்’ இங்கேயும் இருந்தது, ‘வந்தேறி’யும் இருந்தது. ஒரு தோட்டக்காரரின் தேயிலை வயதாகி, ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. அப்பா அதைக் கவ்வாத்து செய்யக் கேட்டார். அவர் அரை மனதோடு ஒரு பாத்தி மட்டும் விட்டார். அப்பா ஒவ்வொரு செடி முன்பும் குனிந்து, முழங்கால் உயரத்தில், பட்டை கிழியாமல், மழைத் தண்ணீர் தேங்காதபடி சாய்வாக ஒரே வீச்சில் வெட்டிக்கொண்டே போனார். தோட்டக்காரரான கவுடர், அப்பா வெட்டிய கிளை ஒன்றை விரலால் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன். மறுநாள் காலையில் எங்கள் தகரக் கொட்டகைக்கு முன் மூன்று தோட்டக்காரர்கள் நின்றார்கள்.

எங்கள் வாழ்க்கை அந்தச் சாய்வு வெட்டில்தான் ஊன்றியது. அடுத்த ஆண்டு படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் கவுடர் வீட்டில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். யாரும் எதையும் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. படுகர்களும் ஒரு காலத்தில் மைசூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று எழுதுகிறார்கள், அவர்களில் பலர் அதை ஏற்பதில்லை. அந்தச் சண்டை எனக்கு வேண்டாம். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

1983இல் பிளஸ் டூ முடித்தேன். கல்லூரி உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். ஒரு தாலுகா அலுவலகத்தில் எங்கள் தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இதில் சாதி இல்லையே, பூர்வீக ஊரில் யாராவது எழுதிக் கொடுக்கட்டும்’ என்றார்கள். எட்டு ஆண்டு கழித்து அப்பாவும் நானும் அதே திண்ணையில் போய் நின்றோம். சித்தப்பா கையெழுத்துப் போட்டார், ஆனால் அதற்கு முன் பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்கமாட்டோம் என்று அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டார். சான்றிதழ் கைக்கு வந்தபோது கல்லூரிச் சேர்க்கை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் கல்லூரிக்குப் போகவே இல்லை. தோட்ட வேலைக்குப் போனேன். இந்தக் காகிதம் இல்லாமல் படிப்பை விட்ட சிலோன் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

    

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தலைமுறைக் கணக்கு எனக்குத் தெரியாது. எங்கள் அனுபவத்தில், இரத்தமும் மொழியும் ஒன்றாக இருந்த ஊர் சொத்துக்குப் பயந்து கதவை மூடியது; எங்கள் கைவேலை தேவைப்பட்ட அந்நிய ஊர் மெல்லத் திறந்தது. இலங்கைப் போரில் எல்லாம் இழந்து வந்தவர்களின் துயரத்தோடு இதை நான் ஒப்பிடவில்லை, அது வேறு. நீங்கள் போகிற இடத்தில் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைவிட முக்கியம், அங்கே ஆள் குறைவாக இருக்கிற ஏதோ ஒரு வேலையை நீங்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருப்பது.

போன ஆண்டு அந்தக் கிராமத்திலிருந்து ஒரு கும்பாபிஷேக அழைப்பிதழ் வந்தது. சித்தப்பாவின் பேரன் அனுப்பியிருந்தான். தலைக்கட்டுக்கு 5,000 ரூபாய், உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறோம் பெரியப்பா, என்று கையால் எழுதியிருந்தான். அழைப்பிதழை ஒரு வாரம் அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பிறகு பணத்தை அனுப்பிவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். ரசீதில் அப்பாவின் பெயரைப் போடச் சொன்னேன். ஊர் என்ற இடத்தில் கோத்தகிரி என்று எழுதச் சொன்னேன்.