மகளுக்கு 18 நிறைந்த பிறகும் பெற்றோரே கையொப்பமிட முடியுமா?

அறிவுசார் குறைபாடுள்ள மகளுக்கு அடுத்த ஆண்டு 18 வயது நிறைகிறது, அதன் பிறகும் அவளுக்காக நாங்களே கையொப்பமிடலாமா, அல்லது ஒரு பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிக்கொண்டால் போதுமா என்று கோலாலம்பூரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். இரண்டுமே செல்லாது, அம்மா. நான் வழக்கறிஞர் அல்லேன். டவுன் சின்ட்ரோம் உள்ள என் தம்பிக்காகப் பினாங்கு உயர்நீதிமன்றத்தின் படியேறியவள்.

பிள்ளை சிறுவயதில் இருக்கும்வரை 1961ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவலர் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது; 1999இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கும் தந்தைக்கும் அதில் சம உரிமை உண்டு. (முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கட்டத்தில் ஷரியா சட்டம் பொருந்தும்.) ஆனால் 18 நிறைந்துவிட்டால் வங்கியின் கண்ணுக்கு உங்கள் மகள் வயதுவந்த பெண். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும் ஓகேயு அட்டை சலுகைகளைப் பெற்றுத்தருமே தவிர, பிறர் அவளுக்காகக் கையொப்பமிடும் அதிகாரத்தைத் தராது.

அப்பா தம்பியின் பெயரில் நிரந்தர வைப்புத்தொகை போட்டு வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அம்மாவும் நானும் அவனை வங்கிக்கு அழைத்துச் சென்றோம். அப்போது அவனுக்கு வயது 24. பாரத்தை அவன்முன் வைத்ததும், தன் பெயரின் முதல் எழுத்தைப் பெட்டி முழுவதும் அடைக்குமாறு பெரிதாக எழுதிவிட்டு, பேனாவை மூடி என்னிடம் பெருமையோடு கொடுத்தான். அதிகாரி வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பணத்தைத் தொட முடியாது என்றார். அன்று அவர்மீது கோபம் வந்தது. இன்று யோசித்தால், அவர் காத்தது தம்பியின் பணத்தைத்தான்.

பவர் ஆஃப் அட்டர்னி கொடுப்பவர், தாம் எதைக் கொடுக்கிறோம் என்பதைப் புரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ள இயலாதவர் பெருவிரல் ரேகை வைத்தாலும் அந்தப் பத்திரத்துக்கு மதிப்பில்லை. சிங்கப்பூரில், நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவைத்து, அது தவறிய பிறகு நடைமுறைக்கு வரும் பத்திரம் ஒன்று உண்டு. அங்குள்ள உறவினர்கள் சொல்வதைக் கேட்டு இங்கும் அப்படித்தான் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். மலேசியாவில் அந்த ஏற்பாடு இல்லை.

இங்கே உள்ள வழி 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். பெயரைக் கேட்டதும் அம்மா, ‘என் பிள்ளைக்கென்ன பைத்தியமா?’ என்று அழுதுவிட்டார். அச்சட்டத்தின் விளக்கத்தில் முழுமை பெறாத மனவளர்ச்சியும் அடங்கும் என்பதை வழக்கறிஞர் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகே சம்மதித்தார். மருத்துவ அறிக்கைகளையும் சத்தியப் பிரமாண வாக்குமூலத்தையும் இணைத்து உறவினர் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். விசாரணைக்குப் பிறகு, அவர் சார்பில் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிப்பவரைச் சட்டம் ‘கமிட்டி’ என்று அழைக்கிறது. ஒற்றை ஆளாக இருந்தாலும் அவர் கமிட்டிதான்.

மருத்துவர் தம்பியின் முன்னால் ஒரு பக்கம் மூன்று ஒரு ரிங்கிட் நோட்டுகளையும் மறுபக்கம் ஒரே ஓர் ஐம்பது ரிங்கிட் நோட்டையும் வைத்து, எது அதிகம் என்று கேட்டார். அவன் தயங்காமல் மூன்றைத் தொட்டான். யாருடன் இருக்க விரும்புகிறாய் என்று கேட்டபோதும் அவன் தயங்கவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். இந்த வேறுபாட்டை உங்கள் வழக்கறிஞரிடம் கட்டாயம் பேசுங்கள். ஒருவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வல்லவர், ஆனால் சொத்து விவகாரங்களை நிர்வகிக்க இயலாதவர் என்று தனியாகத் தீர்மானிக்கவும் நீதிமன்றத்துக்கு இடமுண்டு. உங்கள் மகள் எதை உண்பது, எதை உடுத்துவது என்று தானே முடிவெடுப்பவளாக இருந்தால், எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்டு வாங்குவது அவளுக்கு இழைக்கும் அநீதி என்பது என் எண்ணம்.

நியமனம் கிடைத்தாலும் பணம் நமதாகிவிடுவதில்லை. அவனுக்காகச் செலவிட்ட ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் ரசீது வைத்திருக்கிறேன்; அவன் பங்குள்ள வீட்டை விற்பதானால் மறுபடியும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

உங்கள் உயிலையும் இப்போதே பாருங்கள். உயில் மூலம் நியமிக்கும் பாதுகாவலர் சிறுவயதுப் பிள்ளைக்குத்தான்; வளர்ந்த பிள்ளைக்கு அது உதவாது. அவளுக்கான பங்கை நேரடியாக அவள் பெயரில் எழுதாமல், அமானா ராயா போன்ற அறங்காவல் நிறுவனத்தின் பொறுப்பில் அறக்கட்டளையாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். மனுவில் உங்களோடு வயதில் இளையவர் ஒருவரின் பெயரையும் சேருங்கள். எங்கள் மனுவில் அம்மாவோடு என் பெயரும் இருந்ததால்தான், சென்ற ஆண்டு அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது தம்பியின் மருந்துச் செலவு ஒரு நாள்கூடத் தடைப்படவில்லை.