ஹேண்டோவரில் ஹேவ் வருமா, வராதா?

தங்கச்சிமடத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போய் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஷிஃப்ட் முடியும்போது, ஹேண்டோவர் என்று, நடந்ததை அடுத்து வருபவரிடம் சொல்லச் சொல்கிறார்கள். கேவ், கிவன், டிட், ஹேவ் எல்லாம் குழம்புது. என்ன செய்வது?"

தம்பி, நானும் அங்கே அதே வேலைதான் பார்க்கிறேன். இப்போது லீவில் பாம்பன் வந்திருக்கிறேன், அதனால் உதாரணமும் கொஞ்சம் நம்ம பக்கத்திலிருந்தே வரும்.

முதலில் மணியோ தேதியோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஹேவ் வேண்டாம். "ஐ கேவ் ஹெர் த டேப்லெட் அட் எய்ட்." தமிழில் "எட்டு மணிக்குக் கொடுத்திருக்கேன்" என்று தாராளமாகச் சொல்வோம், அந்தப் பழக்கம்தான் "ஐ ஹேவ் கிவன் அட் எய்ட்" என்று வந்து விழுகிறது. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பரில். அது "டிஸ்ட்ராய்ட்", அத்தோடு சரி. அன்றிலிருந்து இன்றுவரை பாழடைந்து கிடக்கிறதே, அதற்குத்தான் ஹேவ், ஹேஸ்: "இட் ஹேஸ் பீன் இன் ரூயின்ஸ் சின்ஸ் 1964." நீங்கள் மூணு மாசமாக அங்கே இருப்பதும் இதே கணக்கில் வரும்: "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ மந்த்ஸ்."

ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தால் வினையின் மூன்றாவது வடிவம் (கோ, வென்ட், கான் வரிசையில் கடைசி): கான், கிவன், ஈட்டன், டேக்கன். அங்கேயே பிறந்தவர்கள் சிலர் பேச்சுவாக்கில் "ஹேவ் வென்ட்" என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். டிட் வந்தால் வினை முதல் வடிவத்துக்குத் திரும்பிவிடும்: "ஷி டிட் நாட் ஈட்." கட், புட், ஹர்ட் எல்லாம் மூன்று இடத்திலும் ஒன்றுதான், தொல்லையே இல்லை.

ரொம்பக் கவனமாக இருக்க வேண்டியது ஹேட். ஒரு பாட்டி கீழே விழுந்துவிட்டார் என்று வையுங்கள். "ஷி ஃபெல் வென் ஐ வென்ட் இன்" என்று எழுதினால், நீங்கள் உள்ளே போன நேரத்தில்தான் விழுந்தார் என்று ஆகிவிடும். அப்புறம், எப்படி விழுந்தார், தலை எதில் அடித்தது என்று உங்களைத்தான் கேட்பார்கள். நீங்கள் போவதற்கு முன்பே விழுந்து கிடந்தார் என்றால் "ஷி ஹேட் ஃபாலன் பிஃபோர் ஐ வென்ட் இன்." இன்னும் நல்லது, "ஐ ஃபவுண்ட் ஹெர் ஆன் த ஃப்ளோர், ஐ டிட் நாட் சீ ஹெர் ஃபால்" என்று உடைத்து எழுதுவது. விபத்து ரிப்போர்ட்டில் இலக்கண அழகை யாரும் பார்ப்பதில்லை.

கடைசியாக, கான், பீன். "அப்பா ராமேஸ்வரம் போயிருக்கிறார்" என்றால் இப்போது அங்கே இருக்கிறாரா, எப்போதோ போய் வந்தாரா, இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். அங்கே போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் "ஹேஸ் கான்", போய் வந்துவிட்டால் "ஹேஸ் பீன்". சீனியர் வந்து சும்மா "ஹேஸ் ஷி பீன்?" என்று கேட்டால் ஊர் பெயருக்குக் காத்திருக்காதீர்கள். பாட்டி டாய்லெட் போனாரா என்றுதான் கேட்கிறார்.