அண்ணாந்து பார்க்க வைத்த விமான நிலையங்கள்

உலகத்தில் பார்த்தவுடன் மலைக்க வைக்கும் அழகான விமான நிலையங்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாரும் முதலில் சிங்கப்பூரின் சாங்கியைத்தான் சொல்வார்கள், அதனால் அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன்.

2019இல் திறந்த ஜுவல் என்ற கண்ணாடிக் கட்டடம்தான் அங்கே எல்லாரும் படமெடுப்பது. மோஷே சாஃப்டி வடிவமைத்தது. நடுவில் 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, சுற்றிலும் அடுக்கடுக்காக மரஞ்செடிகள். கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகிலேயே உயரமானது அதுதான். ஒரு விஷயம் மட்டும் பலருக்குத் தெரிவதில்லை: ஜுவல் இருப்பது இமிக்ரேஷனுக்கு வெளியே. விமானம் மாறுவதற்காக இறங்கி, வெளியே போக முடியாமல் உள்ளேயே இருப்பவர்கள் டெர்மினல் 2க்கும் 3க்கும் இடையே ஓடும் ஸ்கைட்ரெயினில் ஏறினால் போதும், அது ஜுவலுக்குள் புகுந்துதான் போகும். நான் அப்படித்தான் பார்த்தேன். சில நொடிகளில் அருவி கடந்துபோய்விட்டதே என்று மூன்று முறை போய் வந்தேன், யாரும் கேட்கவில்லை.

சரி, அருவி அழகுதான். ஆனால் நட்டநடுவில் அருவியை வைத்தால் எந்த வணிக வளாகமும் அழகாகிவிடும். விமான நிலையம் என்ற கட்டடமே அழகாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு: கூரை. சுவரெல்லாம் அறிவிப்புப் பலகையும் கடையும் பிடித்துக்கொள்கின்றன, தரையெல்லாம் வரிசையும் பெட்டிகளும், அப்புறம் கட்டடக் கலைஞனுக்கென்று மிஞ்சுவது தலைக்கு மேலே இருக்கும் இடம் மட்டும்தான், அதையும் குழாய்களையும் கம்பிகளையும் மறைக்கும் வெள்ளைப் பலகையால் மூடிவிட்டால் கதை முடிந்தது.

அதனால் என் பட்டியலில் முதலிடம் மாட்ரிட் பராஹாஸின் டெர்மினல் 4க்கு. ஒருமுறை என் அடுத்த விமானம் ஏழு மணி நேரம் தாமதமாகி (எந்த நிறுவனம் என்பதை விடுங்கள்) அங்கே மாட்டிக்கொண்டேன். முதல் ஒரு மணி நேரம் எரிச்சல். அப்புறம்தான் தலையைத் தூக்கினேன். மூங்கில் பட்டைகள் வேய்ந்த கூரை அலை அலையாகப் போய்க்கொண்டே இருக்கிறது, நடுநடுவே திறப்புகள் விட்டு வெளிச்சத்தைக் கீழ்த்தளம் வரைக்கும் இறக்கியிருக்கிறார்கள். கூரையைத் தாங்கும் தூண்கள் ஒரு முனையில் நீலத்தில் தொடங்கி பச்சை, மஞ்சள் என்று கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறி மறுமுனையில் சிவப்பாகின்றன. அழகுக்கு அழகும் ஆயிற்று, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கட்டடத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதும் பலகையைப் பார்க்காமலே தெரிந்துவிடும். ரிச்சர்ட் ரோஜர்ஸும் ஸ்பெயினின் எஸ்துடியோ லாமெலா நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தது, 2006இல் திறந்த அதே ஆண்டில் கட்டடக் கலைக்கான பிரிட்டனின் ஸ்டர்லிங் பரிசும் வாங்கியது. அந்த ஏழு மணி நேரத்தில் அதன் இரு முனைகளுக்கும் எத்தனை முறை நடந்தேன் என்று கணக்கில்லை.

இரண்டாவது ஜப்பானின் கன்சாய். அழகைவிட அங்கே எனக்குப் பிடித்தது பிடிவாதம். ஒசாகா விரிகுடாவில் கடலைத் தூர்த்து ஒரு தீவையே உண்டாக்கி, அதன்மேல் ரென்சோ பியானோ வடிவமைத்த 1.7 கிலோமீட்டர் நீள டெர்மினலை எழுப்பி, 1994இல் திறந்தார்கள். கடலடிக் களிமண் அந்தப் பாரத்தைத் தாங்காமல் அமுங்கிக்கொண்டே போவதால் தீவு இதுவரை 10 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. இறங்கும் என்று முதலிலேயே தெரியும், ஆனால் இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில் இறங்கினால் கட்டடம் விரிசல் விட்டுவிடுமே? அதற்காகத் தூண்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரும்புத் தகடு செருகி மட்டம் பார்க்கும் வசதியைக் கட்டும்போதே செய்துவிட்டார்கள். நாம் மேலே காபி குடித்துக்கொண்டிருக்கும் கட்டடத்தின் கால்களை அவ்வப்போது சரிசெய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்! திறந்து சில மாதங்களிலேயே, 1995 ஜனவரியில், கோபே நிலநடுக்கம் வந்தது. பெரிய சேதமில்லாமல் நின்றது. 2018 சூறாவளியில் மட்டும் ஓடுபாதை வரை கடல் ஏறிவிட்டது.

கன்சாயின் கூரையும் சும்மா வளைந்ததல்ல. ஒரு பக்கத்திலிருந்து ஊதும் குளிர்காற்று அந்த வளைவை ஒட்டியே மறுபக்கம் வரை போய்ச் சேர்கிறது, அதனால் காற்றுக்குழாய் எதையும் கூரையில் தொங்கவிடத் தேவைப்படவில்லை. அந்தக் காற்றில் சுசுமு ஷிங்கு செய்த சிற்பங்கள் மெல்ல அசைந்தபடி தொங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத காற்றை இப்படிக் காட்டிய கட்டடம் வேறெதையும் நான் பார்த்ததில்லை.

கட்டடத்தைவிட உள்ளே வைத்திருக்கும் பொருளுக்காக நினைவில் நிற்பது பாங்காக்கின் சுவர்ணபூமி. இமிக்ரேஷன் தாண்டியதும் வாசுகியைக் கயிறாக்கி அசுரர் ஒரு பக்கமும் தேவர் ஒரு பக்கமும் இழுக்க, மத்தான மலையின்மேல் திருமால் நிற்கும் பாற்கடல் கடையும் சிற்பம், நிஜமாகவே பிரம்மாண்டம். பாதுகாப்புச் சோதனையில் பெல்ட், ஷூ எல்லாம் கழற்றி மாட்டி வெளியே வரும் நம்முடைய முகம் எந்தப் பக்கத்தாரோடு ஒத்துப்போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி வருபவை நான் நேரில் பார்க்காதவை, படித்தும் படம் பார்த்தும் ஆசைப்பட்டவை. நியூயார்க்கில் ஈரோ சாரினென் பறவைபோல் கான்கிரீட்டில் வடித்த, டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தின் டெர்மினல் 1962இல் திறந்தபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. பெரிய ஜெட் விமானங்களும் கூட்டமும் வந்ததும் அது போதாமல் போய், 2001இல் மூடி, 2019இல் ஹோட்டலாகிவிட்டது. இப்போது விமான டிக்கெட் இல்லாமலே உள்ளே போகலாம் என்பது ஒரு லாபம். பெய்ஜிங் டாசிங்கை கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீதின் அலுவலகம் ஐந்து கைகள் கொண்ட நட்சத்திர மீன்போல் விரித்திருக்கிறது. படத்துக்காகச் செய்ததோ என்று நினைத்தேன், ஆனால் நடுவிலிருந்து கடைசி கேட்டுக்கே எட்டு நிமிட நடைதானாம். உருகுவேயின் கராஸ்கோ சின்னது, மணல்மேடுபோல் ஒரே வளைவில் கூரை. ரஃபேல் வினோலி அதில் வழியனுப்ப வந்தவர்கள் நின்று விமானத்தைப் பார்க்க மேலே ஒரு மாடம் விட்டிருக்கிறார். வழியனுப்ப வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பும் இந்தக் காலத்தில் இதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

கடைசியாக, கட்டடமென்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லாத ஒன்று. ஸ்காட்லாந்தின் பாரா தீவில் விமானம் கடற்கரை மணலில்தான் இறங்குகிறது. நாளுக்கு இருமுறை ஓடுபாதை கடலுக்குள் போய்விடும் என்பதால் கால அட்டவணையையே கடலின் ஏற்ற இறக்கம் பார்த்துத்தான் போடுகிறார்கள். கரையில் காற்றின் திசை காட்டும் துணிப்பை ஏற்றியிருந்தால் விமானம் வரப்போகிறது என்று அர்த்தம், யாரும் மணலில் இறங்கக் கூடாது. இறக்கிவிட்டால் சிப்பி பொறுக்கப் போகலாம்.