அதென்ன ‘இப்போதைக்கு’?

கேள்வி: மூன்று மாதம் முன்பு அப்பா இறந்துவிட்டார். உயில் இல்லை. அவர் சம்பாதித்து வாங்கிய ஓட்டு வீட்டின்மேல் வங்கிக் கடன் இருக்கிறது. வெளியே புரோநோட்டுக் கடனும் உண்டு. அண்ணன், தம்பி, நான் என மூன்று பங்கு. “உன் பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடு, கடன் உன் தலையில் விழாது” என்கிறார் அண்ணன். அம்மா இப்போதைக்கு அந்த வீட்டில்தான் இருக்கிறார். பங்கை வாங்குவது லாபமா, வம்பா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அதென்ன ‘இப்போதைக்கு’? அவர் என்ன, உங்கள் மூவருக்கும் குடித்தனக்காரரா? 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாதவர் தானே சம்பாதித்த (சுயார்ஜித) சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் பங்கு மூன்றல்ல, நான்கு. பெற்றவளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். மூன்று பேரில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா?

அண்ணன் காட்டுவது வெறும் பூச்சாண்டி. அப்பாவின் கடனுக்கு வாரிசின் பொறுப்பு, அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைதான். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர, உங்கள் சம்பளத்தையோ நகையையோ தொட முடியாது. மாட்டுவது வேறிடத்தில். “நோட்டை உங்க பேருக்கு மாத்திக் குடுங்க, போதும்” என்று கடன்காரர் வருவார். மாற்றினால் அது உங்கள் சொந்தக் கடன். பழைய நோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். அப்பா கடைசியாகக் கட்டிய தொகையை வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டு 3 ஆண்டு தாண்டியிருந்தால் அந்த நோட்டு காலாவதி.

வங்கியில் நிலுவையை எழுத்தில் வாங்குங்கள். கடனோடு இன்சூரன்ஸ் பிடித்தார்களா என்றும் கேளுங்கள். இருந்தால் பாரம் பாதியாகலாம், தீர்ந்தும் போகலாம். வில்லங்கச் சான்றை அப்பா வீடு வாங்கிய ஆண்டிலிருந்து போடுங்கள். மூலப்பத்திரம் வங்கியிடம்தான் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்; பதிவில்லாமல் வெளியே யாரிடமாவது கொடுத்துப் பணம் வாங்கியிருந்தால் வில்லங்கத்தில் வராது. ஜெராக்ஸை நம்பாதீர்கள்.

பங்கு வேண்டாமென்றால் தாராளமாக விடுங்கள், அம்மா பெயருக்கு. குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கான முத்திரைக் கட்டணச் சலுகை அதற்கும் உண்டு. வீட்டின்மேல் அவ்வளவு அக்கறை என்றால் அண்ணனும் அப்படியே எழுதட்டும். பதிவானபின் “படிக்காமல் போட்டுவிட்டேன்” என்று போய் நின்றால் ரத்து செய்வது லேசில்லை. அதனால் பத்திர எழுத்தரிடம் இருக்கும் வரைவை இன்றே கேட்டு வாங்குங்கள். ‘எழுதிக் கொடுப்பவர்’ வரிசையில் உங்கள் பெயருக்கு மேலே அம்மா பெயரும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த ‘இப்போதைக்கு’ எத்தனை நாள் என்பதை அண்ணன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்.