மண்ணெண்ணெய்ப் போத்தலில் மண்டையோடு ஒட்டினால் காணுமா?

தங்கச்சி, நீங்கள் எழுதினதை வாசிச்சன். திருக்கடலூர் வீட்டில் வள்ளத்துக்கு வாங்கின மண்ணெண்ணெய் சோடாப் போத்தலில் இருந்திருக்கு, ரெண்டு வயது மகன் மூடியைத் திருகிக்கொண்டு நின்றிருக்கிறான். மண்டையோட்டுப் படம் ஒட்டினால் காணுமா என்று கேட்கிறீங்கள்.

காணாது. அந்தப் படமெல்லாம் வாசிக்கத் தெரிஞ்ச எங்களுக்கு. பிள்ளைக்கு அது சிரிக்கிற பொம்மை, அவனுக்குத் தெரிஞ்சது சோடாப் போத்தல்தான். இன்னொன்று, மண்ணெண்ணெய்க்குரிய குறி மண்டையோடு இல்லை. சிவப்புக் கரை போட்ட சாய்சதுரத்துக்குள்ள, நெஞ்சில் நட்சத்திரம் வெடிச்ச மாதிரி ஒரு மனித உருவம் இருக்கும். நெஞ்சைக் காட்டுறதுக்குக் காரணம் இருக்கு: விழுங்கேக்க புரைக்கேறி, கொஞ்சம் நுரையீரலுக்குள்ள போனாலே நியூமோனியா மாதிரி வந்திடும்.

அதனால பிள்ளை குடிச்சிட்டான் என்று சந்தேகம் வந்தால் தொண்டைக்குள்ள விரல் விட்டுச் சத்தி எடுக்க வைக்காதேங்கோ. உப்புத்தண்ணியும் வேண்டாம். எங்கட அம்மம்மா தேங்காய்ப்பால் பருக்கச் சொல்லுவா, அதுவும் வேண்டாம். 1990 அம்புலன்சுக்கு அடிச்சு, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பிள்ளை சும்மா விளையாடிக்கொண்டு இருந்தாலும் போகத்தான் வேணும். இருமலும் காய்ச்சலும் பிந்தியும் வரலாம்.

இன்றைக்கே அதை ஒரு மண்ணெண்ணெய்க் கானுக்கு மாத்தி, வெளிக் கொட்டிலில் பூட்டி வையுங்கோ. குசினி சிங்குக்குக் கீழே ஹார்பிக் இருக்குமே, அதையும் மேலே ஏத்துங்கோ. வள்ளக்காரரிட்டையும் சொல்லுங்கோ, சோடாப் போத்தலில் ஊத்தித் தந்தால் வாங்கமாட்டன் என்று.